இடதுபக்கம் திரும்பு!

சியோல் நகரத்தில் ஒரு டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்துக்குள் முதன்முதலாக நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘டோஜாங்’ என்பார்கள். காற்றில் எகிறி, சுழன்று, எதிரியின் தாடையில் உதைப்பது போலெல்லாம் முந்தின ராத்திரி கனவு கண்டிருப்பீர்கள். ம்ஹூம். முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் கால் இடுப்பு உயரத்துக்குக்கூடப் போகாது.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். சுவரில் மாட்டியிருக்கும் தேசியக் கொடிக்கு ஒரு வணக்கம். அப்புறம் ஆசிரியருக்கு ஒரு வணக்கம். அவரை ‘சாபம்நிம்’ என்று கூப்பிட வேண்டும். (நம் காதுக்கு ‘சாபம்’ என்று விழும். பயப்படாதீர்கள், மரியாதைச் சொல்தான்.) ‘சார்யோத்!’ என்றால் விறைப்பாக நில். ‘கியோங்யே!’ என்றால் குனிந்து வணங்கு. ‘ஜுன்பி!’ என்றால் தயார்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குதிரை மேல் உட்கார்வது. இரண்டு கால்களையும் அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, இரண்டு முஷ்டிகளையும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ‘ஹானா... தூல்... செத்...’ என்று எண்ண எண்ண, ஒரு கை முன்னே போய்க் குத்தும்போது இன்னொரு கை பின்னே வந்து இடுப்பில் உட்கார வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் தொடை நடுங்கும். குத்துவது கை என்றுதானே நினைத்துக்கொண்டு வந்தீர்கள்? தரையை மிதிக்கிற காலிலும் திரும்புகிற இடுப்பிலும்தான் குத்து கிளம்புகிறது என்பதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. தொடை சொன்னால் ஏறும்.

சில நாள் கழித்து, இந்தத் துண்டுகளைக் கோத்து ஒரு சின்னத் தொடர் சொல்லித்தருவார்கள். கராத்தே கிளாஸ் போனவர்கள் ‘கட்டா’ என்று சொல்வார்களே, அதேதான். அதன் முதல் நான்கு அசைவுகள் இவை. இடதுபக்கம் திரும்பு, கையைக் கீழே இறக்கித் தடு. ஒரு எட்டு முன்னே வை, குத்து. அப்படியே முழுசாகப் பின்னால் திரும்பு, தடு. ஒரு எட்டு, குத்து.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆறு வயதுக் குழந்தை பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிடும். ஆனால் இந்த நான்கு அசைவுகளுக்குப் பின்னால் பறிபோன இரண்டு தேசங்கள் இருக்கின்றன. ஒரு யுத்தம் இருக்கிறது. ஊரைவிட்டு ஓடிய ஒரு ராணுவ ஜெனரல் இருக்கிறார். இந்த வாரம் அந்தக் கதையைத்தான் பார்க்கப்போகிறோம்.

‘இது எப்போதிலிருந்து இருக்கிறது?’ என்று சாபம்நிம்மிடம் கேட்டால், யோசிக்காமல் ‘இரண்டாயிரம் வருடம்’ என்பார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரமாக ஒரு பழைய சுவரோவியத்தைக் காட்டுவார்கள். கோகுர்யோ என்ற பழைய கொரிய ராஜ்ஜியத்தின் கல்லறை ஒன்றில் வரைந்தது. இன்றைக்கு அந்த இடம் சீனாவுக்குள், ஜியான் என்ற ஊரில் இருக்கிறது. இரண்டு ஆசாமிகள் கைகளை நீட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். சண்டைதான் போடுகிறார்கள் என்கிறது டேக்வாண்டோ தரப்பு. இருக்கலாம். ஆனால் அந்தக் கல்லறைக்கு வைத்திருக்கிற பெயரே ‘நடனக்காரர்களின் கல்லறை’ என்பதுதான்!

ஓவியத்தை விடுங்கள். எழுதி வைத்த புத்தகம் ஏதாவது உண்டா? உண்டு, அதுவும் அருமையான புத்தகம். 1790-ல் ஜோங்ஜோ மன்னரின் உத்தரவில் தயாரான ‘முயே தோபோ தோங்ஜி’. படம் போட்டு, ஒவ்வொரு அசைவாக விளக்கிய ராணுவப் பயிற்சி நூல். மொத்தம் 24 வித்தைகள். ஈட்டி, வாள், குதிரை மேலிருந்து வாள்வீச்சு என்று போகிற பட்டியலில் வெறும் கைச் சண்டைக்கு ஒரே ஒரு அத்தியாயம். 2017-ல் வட கொரியா கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெஸ்கோ இந்தப் புத்தகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் அந்த அத்தியாயத்தைப் புரட்டி, இன்றைய வெள்ளை பெல்ட் மாணவன் செய்கிற நான்கு அசைவைத் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் எங்கே கிடைக்கும்? கடல் தாண்டி ஒகினாவாவுக்குப் போக வேண்டும்.

ஒகினாவா தனி ராஜ்ஜியமாக இருந்தது. ரியுக்யு என்று பெயர். 1879-ல் ஜப்பான் அதை விழுங்கி ஒரு மாவட்டமாக்கிக்கொண்டது. அங்கே, சீனாவிலிருந்து வந்த குத்துவித்தைகளும் உள்ளூர்ச் சரக்கும் கலந்த ஒரு கலை, அதிகம் வெளியே தெரியாமல், குருவிடமிருந்து ஓரிரு சீடர்களுக்கு என்று போய்க்கொண்டிருந்தது. ஆன்கோ இடோசு என்ற பெரியவர்தான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். ஐம்பது பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாத்தியார் ஒருவர். எண்ணிக்கை சொன்னால் எல்லோரும் சேர்ந்து கையை நீட்ட வேண்டும். ரகசியமாகச் சொல்லித்தரும் கொடூரமான பிடிகளை இந்தப் பொடியன்களிடம் கொடுக்க முடியுமா? ஆகவே 1905-ஐ ஒட்டி, பழைய நீளமான கட்டாக்களிலிருந்து எடுத்து எளிமையாக ஐந்து பாடங்களை அமைத்தார். ‘பினான்’ என்று பெயர். அமைதி, நிம்மதி என்று அர்த்தம். 1908-ல் ஒரு கடிதமும் எழுதினார். பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தால் பிற்காலத்தில் ராணுவத்துக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்பது அதில் ஒரு வாதம். மனிதருக்கு அரசாங்கத்திடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று தெரிந்திருக்கிறது!

அவருடைய சீடர்களில் ஒருவர் கிச்சின் ஃபுனகோஷி. தொழில், பள்ளி வாத்தியார். 1922-ல் டோக்கியோவில் ஒரு கண்காட்சிக்காகப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தலைநகரத்தில் இந்தத் தீவுக்கார வித்தையை விற்பது லேசான வேலையா? ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோவிடமிருந்து வெள்ளை உடையையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டார். அடுத்து பெயர். ‘கராத்தே’ என்பதை அதுவரை ‘சீனக் கை’ என்று பொருள் வரும் எழுத்துகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1930-களில் ஜப்பான் சீனாவோடு முட்டிக்கொண்டிருந்த நேரம். ‘சீனக் கை’ என்று போர்டு மாட்டினால் யார் வருவார்கள்? உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றினார். ‘வெறும் கை’ ஆயிற்று. பினான், ‘ஹெய்யான்’ ஆயிற்று.

புதிதாக வருகிறவர்களுக்கு ஹெய்யானும் கஷ்டமாக இருக்கிறது என்று, அதற்கும் முந்தைய அரிச்சுவடியாக இன்னொன்று பிறந்தது. பெயர் ‘தைக்யோகு’. ஒரு கீழ்த் தடுப்பு, ஒரு குத்து. திரும்பத் திரும்ப அவை இரண்டேதான். எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? இடதுபக்கம் திரும்பு, தடு. ஒரு எட்டு, குத்து. பின்னால் திரும்பு, தடு. ஒரு எட்டு, குத்து.

இந்தத் தைக்யோகு என்ற பெயரை மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவேன்.

ஃபுனகோஷியிடம் படித்த கல்லூரி மாணவர்களில் கொரியர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்த மாதிரியான தேசத்திலிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1910-ல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1938 முதல் பள்ளிக்கூடங்களில் கொரிய மொழிப் பாடம் ஓரங்கட்டப்பட்டது. 1940-ல் கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெருக்கடி. அப்பா அம்மா வைத்த பெயரையே பிடுங்கிக்கொள்கிற ஆட்சி. அந்த ஆட்சிக்காரர்களின் தலைநகரத்தில், அவர்களுடைய உடையைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய மொழியில் எண்ணிக்கொண்டு, இந்தப் பையன்கள் இடதுபக்கம் திரும்பிக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் லீ வோன் குக் என்பவர் 1944-ல் சியோலில் ஒரு வகுப்பு தொடங்கினார். சுங் தோ குவான் என்று பெயர். ஜப்பானிய அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித்தான் நடத்த முடிந்தது. அதே வருடம் கேசோங் நகரில் ரோ பியோங் ஜிக் ஒன்று ஆரம்பித்தார். இவரும் ஃபுனகோஷியின் மாணவர். 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. கொரியா விடுதலை! அடுத்த ஒன்றிரண்டு வருடங்களுக்குள் இன்னும் மூன்று. ரயில்வேயில் வேலை பார்த்த ஹ்வாங் கீ ஒன்று. சோன் சாங் சப் ஒன்று. யூன் பியோங் இன் சியோல் ஒய்.எம்.சி.ஏ.வில் ஒன்று. இந்த ஐந்தும்தான் இன்றைய டேக்வாண்டோவுக்கு வேர். கடைசி இருவரும் 1950-ல் வெடித்த கொரிய யுத்தத்தில் காணாமல் போனார்கள். லீ வோன் குக் ‘ஜப்பான்காரனுக்கு வேண்டியவர்’ என்ற பேச்சுக்கு ஆளாகி, அதே 1950-ல் ஜப்பானுக்கே கிளம்பிப் போனார்.

சொல்லிக்கொடுத்த வித்தைக்கு என்ன பெயர்? ‘டாங்சூடோ’ என்றார்கள். சில இடங்களில் ‘கோங்சூடோ’. புதுப் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் இல்லை. ‘2’ என்று எழுதினால் நாம் ‘இரண்டு’ என்கிறோம், இந்திக்காரர் ‘தோ’ என்கிறார். எழுத்து ஒன்றே. அதுபோல, கராத்தேயைக் குறிக்கும் அந்த இரண்டு விதச் சீன எழுத்துகளையும் கொரிய வாயால் படித்தால் வருகிறவைதான் டாங்சூவும் கோங்சூவும். ஹெய்யான், ‘பியோங்ஆன்’ ஆயிற்று. ஹ்வாங் கீ தன் மாணவர்களுக்கு முதல் பாடமாக வைத்த ‘கிச்சோ’, அதாவது அடிப்படை, தைக்யோகுவின் அச்சு அசல். விடுதலை அடைந்த தேசத்தின் பையன் முதல் நாள் கற்றுக்கொண்டது, ஆண்டவர்களின் முதல் பாடத்தை.

இது எவ்வளவு உறுத்தியிருக்கும்! உறுத்தலைத் தீர்த்தே ஆவேன் என்று கிளம்பியவர்தான் இந்தக் கதையின் நாயகர். சிலருக்கு வில்லன். சோய் ஹாங் ஹி.

1918-ல், இன்றைய வட கொரியாவில் இருக்கும் மியோங்சோன் பகுதியில் பிறந்தவர். சின்ன உருவம், பெரிய கோபம். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. ஜப்பானுக்குப் படிக்கக் கிளம்புவதற்கு முந்தைய நாள், வழிச்செலவுக்கு வைத்திருந்த பணத்தைச் சூதாட்டத்தில் ஒரு மல்யுத்த வீரனிடம் தோற்றார். திருப்பிக் கேட்டார். தரவில்லை. மேஜை மேலிருந்த மைப்புட்டியை எடுத்து அவன் நெற்றியில் வீசிவிட்டு, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம்! ஜப்பானில் கராத்தே கற்றுக்கொள்ள அவரைத் தூண்டியது தேசபக்தி இல்லை. ஊருக்குத் திரும்பினால் அந்த மல்யுத்தக்காரன் கை காலை முறித்துவிடுவான் என்ற பயம்.

கறுப்பு பெல்ட் வாங்கினார். அதற்குள் உலக யுத்தம். ஜப்பானிய ராணுவம் அவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டது. பியாங்யாங்கில் மற்ற கொரிய மாணவ சிப்பாய்களோடு சேர்ந்து தப்பி ஓடத் திட்டம் போட்டதில் மாட்டிக்கொண்டு ஜெயில். 1945-ல் விடுதலை. 1946-ல் தெற்கில் புதிதாக அமைந்த ராணுவத்தில் அதிகாரி. பிறகு ஜெனரல். இப்போது அவரிடம் ஒரு பயிற்சிக்கூடம் இல்லை, ஒரு படையே இருந்தது! 1953-ல் ஜேஜூ தீவில் 29-வது காலாட்படைப் பிரிவை உருவாக்கி, அதன் கொடியில் ஒரு முஷ்டியை வரைந்து வைத்தார். சிப்பாய்களுக்குக் காலையில் எழுந்ததும் குத்து, தடுப்பு.

1950-களின் முற்பகுதியில் அதிபர் சிங்மன் ரீ முன்னிலையில் ஒரு செயல்விளக்கம். சோயின் வலது கை போல இருந்த நாம் தே ஹி, அடுக்கிவைத்த 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் நொறுக்கினார். அதிபர் எழுந்து நின்று பார்த்தார். ‘இது நம்ம தெக்யோன்தானே!’ என்று சொன்னாராம். சுற்றி நின்ற அதிகாரிகளில் எத்தனை பேர் எச்சில் விழுங்கினார்களோ தெரியாது. அது தெக்யோன் இல்லை என்பது சோய்க்குத் தெரியும். அதிபர் சொன்ன பிறகு ‘இல்லை ஐயா, ஜப்பான் சரக்கு’ என்று யார் வாயைத் திறப்பது?

தெக்யோன் என்றால் என்ன? இதைச் சொல்லாமல் போக முடியாது. அது நிஜமாகவே கொரிய மண்ணின் விளையாட்டு. 1846-ல் யூ சுக் என்ற ஓவியர் வரைந்த ஒரு திருவிழாக் காட்சியில், ஊரே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே முதல் பாடம் முற்றிலும் வேறு. முஷ்டியே கிடையாது. விறைப்பாக நிற்பதும் கிடையாது. ‘பும்பால்ப்கி’ என்று ஒரு கால்வைப்பு. முக்கோணத்தின் மூன்று முனைகளில் கால் மாறி மாறி, இடுப்பு அசைந்து அசைந்து, பார்க்கிறவருக்கு நடனமோ என்று தோன்றும். நிற்காத ஆளை எப்படித் தள்ளுவது? அதுதான் சூத்திரம். ஜப்பானிய ஆட்சியில் கிட்டத்தட்ட அழிந்துபோன இதை, சோங் தோக் கி என்ற ஒரு கிழவர்தான் ஞாபகத்தில் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். 1983-ல் தென் கொரியா அதைக் காக்க வேண்டிய கலாசாரச் சொத்தாக அறிவித்தது. 1987-ல் அவர் காலமானார். 2011-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். என்னைக் கேட்டால், கொரியாவின் சொந்த முதல் பாடம் எது என்று ஒருவர் தேடினால், அந்த முக்கோணத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

சோய் புத்திசாலி. அதிபரின் வாயில் வந்த சொல்லை விடவில்லை. சீன எழுத்து அகராதியைப் புரட்டி, தெக்யோன் மாதிரியே காதில் விழுகிற ஒரு சொல்லைத் தேடினார். ‘தே’ என்றால் காலால் மிதி. ‘க்வோன்’ என்றால் முஷ்டி. ‘தோ’ என்றால் வழி. 1955 ஏப்ரல் 11 அன்று கூடிய குழு அந்தப் பெயரை ஏற்றது. டேக்வாண்டோ பிறந்தது. ஆக, இரண்டாயிரம் வருடக் கலையின் பெயருக்கு எழுபது சொச்சம் வயசு!

பெயர் மாறிவிட்டது. பாடம்? மற்ற குவான்காரர்கள் இன்னும் பியோங்ஆன்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சோய் தன் ஆட்களை வைத்துக்கொண்டு புதிய தொடர்களை அமைக்க ஆரம்பித்தார். 1962-லிருந்து 1964 வரை மலேசியாவில் தூதராக இருந்தபோதும் அந்த வேலை நடந்தது. அதிபர் பார்க் சுங் ஹீயுடன் ஒத்துப்போகாத ஜெனரலைத் தூர தேசத்துக்குத் தூதராக அனுப்புவது எல்லா ஊரிலும் உள்ள ஏற்பாடுதானே. ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கு ஒன்றாக, முடிவில் 24 தொடர்கள் ஆயின. முழுக்கக் கொரியப் பெயர்கள்.

முதல் தொடர் ‘சோன்ஜி’. வானமும் பூமியும். உலகத்தின் தொடக்கம் என்பதால் தொடங்குகிறவனுக்கு இது. மொத்தம் 19 அசைவுகள். காலால் மிதிக்கிற கலை என்று பெயர் வைத்தார் அல்லவா? இந்த 19-ல் ஒரு உதைகூட இல்லை! எப்படி ஆரம்பிக்கிறது என்று கேளுங்களேன். இடதுபக்கம் திரும்பு, தடு. ஒரு எட்டு, குத்து. பின்னால் திரும்பு...

ஆமாம். அதேதான்.

மேலே போகப் போகத்தான் சோயின் கணக்கு புரியும். மாணவன் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு கொரியச் சரித்திரப் பாடம் படிக்கிறான். ‘ஹ்வாரங்’ தொடருக்கு 29 அசைவுகள். அவருடைய 29-வது படைப் பிரிவின் ஞாபகம். ‘ஜூங்குன்’ தொடருக்கு 32. இது ஆன் ஜூங் குன் என்பவரின் வயது. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில், ஜப்பானின் முன்னாள் பிரதமரும் கொரியாவை மேலாண்மை செய்ய ஜப்பான் அனுப்பிய முதல் ஆளுமான இட்டோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்றவர். நாட்டுக்காகச் சபதம் எடுத்து மோதிர விரல் நுனியை வெட்டிக்கொண்ட மனிதர். 1910 மார்ச்சில் லூஷுன் சிறையில் தூக்கு. நம் கணக்குப்படி வயது 30. பிறந்த அன்றே ஒரு வயது என்று எண்ணும் பழைய கொரியக் கணக்கில் 32.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து வந்த தடுப்பையும் குத்தையும் வைத்துக்கொண்டு, ஜப்பானியத் தலைவரைச் சுட்டவரின் வயதை எண்ண வைக்கிறார்! உலகம் முழுக்க எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அந்த 32-ஐ மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பிக்கிறார்கள். சோய் செய்தது திருட்டா, மீட்பா? நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். ஆனால் அந்த ‘இரண்டாயிரம் வருடம்’ வேண்டாத பொய். ஸ்டீவன் கேபனர் என்ற அமெரிக்கர், டேக்வாண்டோ வீரர், ஆய்வாளர், 1995-ல் ஒரு கட்டுரையில் இந்தக் கராத்தே வேரை வெளிப்படையாக எழுதினார். பல கொரிய ஆய்வாளர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். உறவை ஒப்புக்கொண்டதால் கலை ஒன்றும் சின்னதாகிவிடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

1966 மார்ச்சில் சோய் சியோலில் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். பார்க் சுங் ஹீயுடனான பகை முற்றி 1972-ல் கனடாவுக்குப் போய்விட்டார். தென் கொரியா சும்மா இருக்குமா? அதே வருடம் நவம்பரில் சியோலில் குக்கிவோன் என்ற தலைமைப் பயிற்சிக்கூடம் எழும்பியது. 1973 மே மாதத்தில் கிம் உன் யோங் தலைமையில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு. ஓடிப்போனவரின் பாடங்களை இனி யார் சொல்லிக்கொடுப்பார்கள்? சோன்ஜி, ஜூங்குன் எல்லாம் சொந்த ஊரிலேயே வேண்டாதவை ஆயின.

தென் கொரியச் சங்கம் 1967-லேயே ‘பால்க்வே’ என்று எட்டுத் தொடர்கள் அமைத்திருந்தது. எல்லா குவான்களும் அதில் பங்கெடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் இருந்தது. ஆகவே 1970-களின் தொடக்கத்தில் புதிதாக இன்னொரு எட்டு. இன்றைக்கு ஒலிம்பிக் வகை டேக்வாண்டோ கற்கும் எவரும் முதலில் கற்பது அதில் ஒன்றாம் எண். ‘தேகுக் இல் ஜாங்’. தேகுக் என்பது கொரியக் கொடியின் நடுவே சுழல்கிறதே, சிவப்பும் நீலமும், அந்த வட்டத்தின் பெயர். கொடிக்கே ‘தேகுக்கி’ என்றுதான் பெயர். இதைவிடச் சொந்தமான பெயர் ஒரு கொரியனுக்குக் கிடைக்குமா?

இப்போது, மனசின் ஓரத்தில் வைத்திருக்கச் சொன்னேனே, அந்தத் தைக்யோகுவை எடுங்கள். ஃபுனகோஷியின் கூடத்து அரிச்சுவடி. அதைச் சீன எழுத்தில் எழுதிக் கொரியரிடம் நீட்டினால் எப்படிப் படிப்பார் தெரியுமா?

‘தேகுக்.’

அதே இரண்டு எழுத்துகள்! ஆரம்பம்? இடதுபக்கம் திரும்பு, தடு. ஒரு எட்டு, குத்து.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், தேகுக் வெறும் நகல் இல்லை. ஜப்பானியப் பாடத்தில் காலை நீளமாக அகட்டி, முன் முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். தேகுக்கில் பல இடங்களில் தெருவில் சாதாரணமாக நடக்கிற எட்டுதான். உடம்பு நிமிர்ந்திருக்கும். இரண்டு முன் உதைகளும் உண்டு. நிமிர்ந்த உடம்பிலிருந்துதான் கால் சட்டென்று எழும். 1955-ல் பெயரில் வந்த கால், பதினைந்து இருபது வருடம் கழித்து முதல் பாடத்துக்குள் வந்து சேர்ந்தது. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டு, 2000-ல் சிட்னியில் பதக்க விளையாட்டு என்று அந்தக் கால் எங்கேயோ போய்விட்டது.

பக்கத்துக் கலையான ஹாப்கிடோவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து திரும்பி தேகு நகரில் வாழ்ந்த சோய் யோங் சுல் கொண்டுவந்தது. அங்கேயும் எழுத்து விளையாட்டு உண்டு. ஐகிடோவின் அதே மூன்று எழுத்துகளைக் கொரியாவில் படித்தால் ஹாப்கிடோ. அங்கே முதல் பாடம் விழுவது! பின்னால் சாயும்போது முகவாயை நெஞ்சில் ஒட்டி, கையால் தரையை அறைந்து, பக்கவாட்டில், உருண்டு என்று விதவிதமாக விழப் பழக வேண்டும். அடுத்தது, மணிக்கட்டைப் பிடித்தவன் பிடியிலிருந்து கையை உருவுவது. ஐம்பது வயதில் ‘எதையாவது கத்துக்கலாமா சார்?’ என்று கேட்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம்மை யாரும் தெருவில் உதைக்கப்போவதில்லை. குளியலறையில் வழுக்கி விழ வாய்ப்பு நிறைய.

சோய் ஹாங் ஹிக்கு வருவோம். கனடாவில் உட்கார்ந்திருந்தவர் 1980-ல் ஒரு காரியம் செய்தார். தன் குழுவோடு வட கொரியாவுக்குப் போய் டேக்வாண்டோவை அறிமுகம் செய்தார். பிறந்த மண். ஆனால் தெற்கின் ஜெனரலாக இருந்தவர், எதிரியின் வாசலில்! தெற்கில் அவர் பெயரையே உச்சரிக்க முடியாத நிலை.

போனதற்கு ஒரு விலையும் இருந்தது. 24 தொடர்களில் ‘கோதாங்’ என்று ஒன்று. சோ மான் சிக் என்ற தலைவரின் புனைபெயர். ஜப்பானை எதிர்த்து அகிம்சை வழியில் போராடியவர். விடுதலைக்குப் பிறகு வடக்கில் சோவியத் ராணுவத்தோடு ஒத்துப்போகாமல் 1946-ல் காவலில் வைக்கப்பட்டார். பிறகு வெளியே வரவேயில்லை. வடக்கு ஆட்சியின் சிறையில் மறைந்த மனிதரின் பெயரை வடக்கில் பாடமாக நடத்த முடியுமா? 1980-களில் கோதாங் எடுக்கப்பட்டு அந்த இடத்தில் ‘ஜூச்சே’ வந்தது. கிம் இல் சுங்கின் சித்தாந்தத்தின் பெயர். பெயர்களைப் பறித்த ஆட்சிக்குப் பதில் சொல்லப் பெயர்களை அடுக்கியவர், ஒரு பெயரைத் தானே எடுத்துக் கொடுத்தார். இதை ஏற்காமல் கோதாங்கையே வைத்துக்கொண்ட குழுக்களும் உண்டு. ஜூச்சேயா, கோதாங்கா என்று கேட்டால் போதும், ஒரு மாஸ்டர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

2002 ஜூன் 15 அன்று சோய் பியாங்யாங்கில் காலமானார். அங்கேயே அடக்கம்.

2017 ஜூனில் தெற்கின் முஜு நகரில் உலகப் போட்டி நடந்தபோது, வடக்கு வீரர்கள் வந்து செயல்விளக்கம் காட்டினார்கள். அதிபர் மூன் ஜே இன் உட்கார்ந்து பார்த்தார். 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் இரு தரப்பும் சேர்ந்து மேடையேறின. அதே வருடம் ஏப்ரலில் தெற்கு அணி பியாங்யாங்குக்குப் போனது. உதையில் வேகம் ஒரு பக்கம், அடியில் கனம் ஒரு பக்கம் என்று பாணிகள் பிரிந்துவிட்டன. கட்டளைச் சொற்களில்கூட வித்தியாசம். தெற்கில் ‘பூம்சே’ என்பதை வடக்கு வழியில் ‘துல்’ என்கிறார்கள். ஆனால் ஹானா, தூல், செத் ஒன்றுதான்.

சோய் அடுக்கி வைத்த 24-ல் கடைசித் தொடரின் பெயர் ‘தோங்இல்’. 56 அசைவுகள். அர்த்தம், ஒன்றிணைதல். 2024 ஜனவரியில் வட கொரியா, தெற்கோடு ஒன்றிணைவது இனி தன் கொள்கை இல்லை என்று அறிவித்தது. பியாங்யாங்கில் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே, இரண்டு பெண்கள் கொரிய வரைபடத்தைச் சேர்ந்து ஏந்தி நின்ற ஒன்றிணைப்பு வளைவை அந்த மாதமே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு பக்கத்திலும் வெள்ளை பெல்ட் கட்டிய புதுப் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சியோலில் பள்ளிக்கூடம் விட்டதும் டோஜாங் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அம்மாக்கள் விருப்பத்துக்கு நடுவில் கொஞ்சம் ஸ்கிப்பிங்கும் சொல்லித்தருகிறார்கள். அப்புறம் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். சார்யோத். ஜுன்பி. முதலில் இடதுபக்கம்.